மேடையில் ஓர் அறியாப் பிள்ளை

பெரியோர் சினத்தோடும் துயரத்தோடும் மோதிக்கொள்ளும் குடும்பக் காட்சி ஒன்றில், எதுவும் அறியாத குழந்தை ஒன்று நுழைகிறது. அது கேட்கும் ஒரு சிறு கேள்வியில் அரங்கம் முழுவதும் அமைதியாகிவிடுகிறது. நீண்ட வசனத்தால் இயலாததை அந்த ஒரு வரி எவ்வாறு செய்கிறது? அக்குழந்தையாக நடிப்பவர் எதைக் கற்க வேண்டும்? எதைத் தவிர்க்க வேண்டும்? தமிழ் இலக்கணமும் கூத்து மரபும் திரைக்கலையும் இவற்றுக்குத் தரும் விடைகளை இப்பாடம் விளக்குகிறது.

நகையும் அழுகையும்

உள்ளத்தில் தோன்றும் உணர்வு உடலின் வழியே வெளிப்படுவதை மெய்ப்பாடு என்பர். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவற்றுள் முதலாவது நகை. நகை தோன்றும் களங்கள் நான்கு. எள்ளல் ஒன்று; ஏனைய மூன்றும் இளமை, பேதைமை, மடம் ஆகியவை. இம்மூன்றும் குழந்தைக்கு உரியவை என்பது கருதத்தக்கது. அறியாமையே பேதைமை. பிறர் சொன்னதை அப்படியே ஏற்று, ஏற்றதை விடாது பற்றிக்கொள்வது மடம் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். பெண்ணின் ஏழு பருவங்களுள் ஐந்து முதல் ஏழு வயது வரையிலான பருவத்திற்குப் ‘பேதை’ என்றே பெயரிட்டனர் நம் முன்னோர்.

எனவே, அறியாப் பிள்ளையின் பேச்சு இயல்பாகவே நகைக்கு உரியது. ஆனால், துயரம் சூழ்ந்த குடும்பக் காட்சியில் அதே பேச்சு பார்வையாளரை அழச் செய்கிறது. அழுகைக்குத் தொல்காப்பியம் கூறும் களங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. குழந்தையின் சொல் நகையின் களத்தில் பிறக்கிறது. கேட்கும் பெரியோரோ அழுகையின் களத்தில் நிற்கின்றனர். ஒரே சொல் இரண்டு களங்களையும் தொடுவதால்தான் அக்காட்சி வலிமை பெறுகிறது. பார்வையாளரின் இதழில் புன்னகை தோன்றும் அதே நொடியில் கண்ணில் நீர் துளிர்ப்பதற்குக் காரணம் இதுவே.

| தெரியுமா? |
|---|
| தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் ‘வெகுளி’ என்பது சினத்தைக் குறிக்கும். இன்றைய பேச்சு வழக்கில் ‘வெகுளி’ என்பது கள்ளம் கபடம் அறியாதவரைக் குறிக்கிறது. குடும்ப நாடகக் காட்சியில் பெரியோரிடம் இருப்பது பழைய வெகுளி. பிள்ளையிடம் இருப்பது புதிய வெகுளி. |

கூத்தில் லோகிதாசன்

வடதமிழகத்தின் கூத்து மரபில் இத்தகைய பிள்ளைப் பாத்திரங்களுக்குச் சிறப்பான இடம் உண்டு. அரிச்சந்திரன் கதை அதற்குச் சான்றாகும். வாய்மை தவறாத மன்னன், விசுவாமித்திரருக்குத் தர வேண்டிய கடனைத் தீர்ப்பதற்காகக் காசி நகரில் மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் விற்கிறான். பின்னர்த் தன்னையும் சுடலை காப்பவனிடம் விற்றுக்கொள்கிறான். தருப்பை பறிக்கச் சென்ற லோகிதாசன் பாம்பு கடித்து இறக்க, அவன் உடலோடு சந்திரமதி சுடலைக்கு வருகிறாள். இறந்தவன் தன் மகன் என்று அறியாத அரிச்சந்திரன், சுடலைக்குரிய கட்டணத்தைக் கேட்கிறான். ‘மயான காண்டம்’ எனப்படும் இப்பகுதி மக்களை இன்றும் உருக வைப்பது.

லோகிதாசனுக்கு வாய்மை, வாக்குறுதி, கடன் என்னும் பெரிய சொற்கள் விளங்குவதில்லை. பசியும் வெயிலும் கால் வலியும் அவனுக்கு விளங்கும். அம்மா ஏன் அழுகிறாள் என்பது விளங்காது. ஆனால் அவள் அழுகிறாள் என்பது தெரியும். இந்த இடைவெளிதான் அப்பாத்திரத்தின் உயிர்நிலை. லோகிதாசனாக நடிப்பவர் தந்தையின் தியாகத்தை உணர்ந்தவர்போல் முகம் காட்டினால் பாத்திரம் கெட்டுவிடும். அவ்வுணர்வு பார்வையாளருக்கு உரியது.

இதற்கு மாறான ஒரு பிள்ளைப் பாத்திரமும் நம் மரபில் உண்டு. இரணியன் கதையில் வரும் பிரகலாதன் பேதை அல்லன். தந்தையின் சினத்தை நன்கு அறிந்தே அவன் மறுமொழி கூறுகிறான். லோகிதாசன் அறியாமையால் அஞ்சாதவன்; பிரகலாதன் அறிந்தும் அஞ்சாதவன். இருவரையும் ஒரே குரலிலும் ஒரே நடையிலும் நடிப்பது பிழையாகும். குழந்தைப் பாத்திரம் கிடைத்தவுடன், ‘இப்பிள்ளை எதை அறியும், எதை அறியாது?’ என்று வினவுவதே முதற்பணி.

காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல் சிற்றூரில் இக்கலை முறையாகக் கற்பிக்கப்பட்டது. கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபால் முதலியோர் 1990ஆம் ஆண்டு உருவாக்கிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002 முதல் 2020 வரை அங்கே குருகுலம் ஒன்றை நடத்தியது. சிறுவரோடு சிறுமியரும் அங்குப் பள்ளிக் கல்வியையும் கூத்தையும் ஒருங்கே பயின்றனர். ஆண்களே ஆடிவந்த கூத்தில் சிறுமியர் பயிற்சி பெற்றது குறிப்பிடத்தக்க மாற்றமாகும்.

நாடக மேடையிலும் சிறுவர் நடிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை உருவாக்கினார். அங்குச் சிறுவர்களே அரசர்களாகவும் முனிவர்களாகவும் நடித்தனர். பின்னாளில் ஔவை சண்முகம் எனப் புகழ்பெற்ற தி.க. சண்முகம், சிறுவனாகப் பயின்றது அச்சபையில்தான்.

ஒரு காட்சி

இக்கலையின் நுட்பத்தை உணர, நம் காலத்துக் காட்சி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதி அதன் களம். ஏரிகளும் வயல்களும் நிறைந்திருந்த இவ்வட்டாரத்தில், 1990களின் இறுதியிலிருந்து மகிழுந்து, கைப்பேசி, கனரக வாகனம், டயர் முதலியவற்றை உருவாக்கும் ஆலைகள் பெருகின. விடியலிலும் மாலையிலும் நள்ளிரவிலும் ஷிப்ட் மாறும்போது தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகள் இங்குள்ள சாலைகளின் அன்றாடக் காட்சி. நிரந்தரப் பணியாளரோடு ஒப்பந்தத் தொழிலாளர்களும் பெருமளவில் உழைக்கின்றனர். வேலை வருவதும் போவதும் இங்கே பல குடும்பங்கள் அறிந்த செய்தி. 2006ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய பெரிய கைப்பேசி ஆலை ஒன்று 2014ஆம் ஆண்டு மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் வேலையை இழந்தனர்.

வரிசை வீடு ஒன்றின் முன்னறை. ஒப்பந்தம் முடிந்து தந்தைக்கு வேலை போய் இருபது நாள்கள் ஆகின்றன. அவர் அதை வீட்டில் சொல்லவில்லை. நாள்தோறும் சாப்பாட்டுப் பையோடு கிளம்பி, மாலையில் திரும்புகிறார். தாய் மற்றோர் ஆலையில் பணிபுரிபவர். சம்பளம் இன்னும் வரவில்லையே என்று அவர் கேட்கத் தொடங்க, பேச்சு வளர்கிறது. மூலையில் பாட்டி அமர்ந்திருக்கிறார். ஆறு வயதுக் குழலி, தந்தையின் பழைய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நாற்காலிகளை வரிசையாக்கிக் கம்பெனிப் பேருந்து ஓட்டி விளையாடுகிறாள்.

தாய்: சம்பளம் எப்பதாங்க போடுவாங்க? போன மாசம் இந்நேரம் வந்துடுச்சே.
தந்தை: வரும்னு சொல்றேன்ல.
குழலி: ஆயா, ஏறு ஏறு! பஸ் கெளம்புது. ஒரகடம், ஏரிக்கரை எல்லாம் ஏறு!
பாட்டி: ஏரிக்கரையில கம்பெனி பஸ் நிக்குமாடி?
குழலி: நிக்குமே! அப்பா அங்கதான் இறங்கும். மரத்தடியில உக்காந்து சாப்பிடும். எனக்குக்கூட முட்டை குடுத்துச்சு.
(தாய் தந்தையைப் பார்க்கிறார். தந்தை தலைகுனிகிறார். அமைதி.)
குழலி: நான் அம்மாகிட்ட சொல்லலப்பா. ஆயாகிட்டதான் சொன்னேன்.

இக்காட்சியில் உச்சம் எது? குழலியின் கடைசி வரியே. ‘அம்மாவிடம் சொல்லாதே’ என்று தந்தை கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை அவ்வரி வெளிப்படுத்துகிறது. குழலி அச்சொல்லை மீறவில்லை; எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறாள். உரையாசிரியர்கள் கூறும் ‘மடம்’ இதுவே. தந்தை அவளைக் கடிந்துகொள்ளவும் இயலாது. தாய் தன் சினத்தைத் தொடரவும் இயலாது. வேலை இழந்ததைவிட, அதை மறைப்பதற்காக மகளையும் துணை சேர்த்துக்கொண்ட நிலையே அத்தந்தையைத் தலைகுனியச் செய்கிறது.

மூவகை அறிவு

இக்காட்சியில் மூவர் மூன்று விதமாக அறிந்திருக்கின்றனர். தந்தை முழுவதும் அறிவார். தாய்க்கு ஐயம் மட்டுமே உண்டு. குழலி நிகழ்ச்சியை அறிவாள்; அதன் பொருளை அறியாள். தந்தை ஏரிக்கரையில் சாப்பிடுவது அவளுக்கு மகிழ்ச்சியான செய்தி. ஏனெனில் அங்கே அவளுக்கு முட்டை கிடைத்தது. பாத்திரம் அறியாததைப் பார்வையாளர் அறிந்திருக்கும் இந்நிலையை நாடக முரண் என்பர். 1960ஆம் ஆண்டு வெளிவந்த ‘களத்தூர் கண்ணம்மா’ திரைப்படத்தில், பெற்றோர் யாரென அறியாமல் வளரும் சிறுவனாக ஐந்து வயதுக் கமல்ஹாசன் நடித்தார். அச்சிறுவன் அறியாததைப் பார்வையாளர் அறிந்திருந்தமையால்தான் அவன் பேச்சும் பாட்டும் அவர்கள் நெஞ்சைத் தொட்டன.

குழந்தையின் வயதையும் துல்லியமாக வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஹைன்ஸ் விம்மர், யோசப் பெர்னர் என்னும் உளவியலாளர்கள் 1983ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிறுவன் ஒருவன் ஓரிடத்தில் வைத்துச் சென்ற சாக்லேட்டை, அவன் இல்லாதபோது தாய் வேறிடத்திற்கு மாற்றிவிடுகிறாள். ‘திரும்பி வரும் சிறுவன் எங்கே தேடுவான்?’ என்று குழந்தைகளிடம் கேட்கப்பட்டது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் மாற்றிவைத்த இடத்தையே காட்டினர். தமக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று அவர்கள் கருதினர். ஆறு வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் சரியாக விடையளித்தனர்.

இதிலிருந்து நடிகர் அறிவது என்ன? மூன்று வயதுக் குழந்தை மறைப்பு என்பதையே அறியாது. உண்மையைத் தானாகக் கொட்டிவிடும். ஆறு வயதுக் குழலியோ மறைக்க அறிவாள். ஏன் மறைக்க வேண்டும் என்பதைத்தான் அறியாள். இரண்டும் வெவ்வேறு அறியாமைகள். ‘குழந்தை’ என்று பொதுவாக நடிப்பதற்கு எதுவும் இல்லை. குறிப்பிட்ட வயதுடைய, குறிப்பிட்ட வீட்டில் வளரும், குறிப்பிட்ட ஒன்றை விரும்பும் பிள்ளையையே நடிக்க இயலும். பருவந்தோறும் உடலசைவு மாறுவதைத் தமிழ்ப் புலவர்கள் கூர்ந்து கண்டதால்தான் பிள்ளைத்தமிழில் செங்கீரை, சப்பாணி, வாரானை, சிறுதேர் எனப் பத்துப் பருவங்களை வகுத்தனர்.

நடிப்பின் நெறிகள்

உருசிய நாடகக் கலைஞர் கான்ஸ்டான்டின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863–1938), ஒவ்வொரு காட்சியிலும் பாத்திரம் எதை விரும்புகிறது என்பதை நடிகர் கண்டறிய வேண்டும் என்று வலியுறுத்தினார். குழலியின் விருப்பம் மிக எளியது: ஆயாவைப் பேருந்தில் ஏற்ற வேண்டும். குழலியாக நடிப்பவர் அந்த விருப்பத்தை மட்டும் முழுமனத்தோடு பின்பற்றினால் போதும். ‘இப்போது ஓர் உண்மையைப் போட்டு உடைக்கப் போகிறேன்’ என்னும் எண்ணம் கண்ணில் தெரிந்தால், பார்வையாளர் முன்கூட்டியே உணர்ந்துவிடுவர், வரி வலுவிழக்கும்.

இரண்டாவது நெறி குரலைப் பற்றியது. குழந்தை என்றவுடன் குரலைக் கீச்சாக்குவதும், ‘ர’வை ‘ல’வாக்கி மழலை பேசுவதும், தலையை ஒருபுறம் சாய்ப்பதும் பழகிப்போன தவறுகள். ஆறு வயதுக் குழந்தை தன்னைச் சிறுபிள்ளை என்று கருதுவதில்லை. பேருந்து ஓட்டுநர் என்றே கருதுகிறது. அதன் முயற்சியில் நாடகத்தன்மை இல்லை; பொறுப்புணர்வே இருக்கிறது. பதினாறு வயது மாணவர் ஒருவர் அப்பாத்திரத்தை ஏற்கும்போது, குரலை மாற்றுவதைவிடக் கவனத்தை மாற்றுவதே பயன் தரும். குழந்தையின் கவனம் ஒரு பொருளில் முழுமையாக ஊன்றும்; பின்பு சட்டென மற்றொன்றுக்குத் தாவும். யாரையேனும் பார்க்க வேண்டுமெனில் கண்ணை மட்டும் திருப்பாமல் உடலையே திருப்பும். கைகள் சும்மா இருப்பதில்லை.

மூன்றாவது நெறி அறியாமைக்கும் உணர்வின்மைக்கும் உள்ள வேறுபாடு. பெரியோர் பேசும் பொருள் குழந்தைக்கு விளங்காமற்போகலாம். குரலின் ஏற்றம் நன்றாகவே விளங்கும். தாயின் குரல் உயரும்போது குழலியின் விளையாட்டு ஒரு நொடி தடைபட வேண்டும். பின்பு அவள் முன்னைவிட உரக்கப் பேருந்து ஓட்டலாம். அவள் ஆயாவை அழைப்பதேகூட வீட்டின் இறுக்கத்தைத் தன்னால் இயன்றவரை கலைக்கும் முயற்சியாக அமையலாம். சண்டை நடக்கும் வீட்டில் வளரும் பிள்ளைகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதும், தேவையின்றிச் சிரிப்பதும், படித்த பாடத்தை ஒப்பிக்கத் தொடங்குவதும் இத்தகைய முயற்சிகளே. இதை உணராமல் நடித்தால் குழந்தை பொம்மையாகிவிடும்.

நான்காவது நெறி அமைதியைக் காத்தல். குழந்தையின் வரிக்குப் பின் வரும் அமைதி பெரியோராக நடிப்பவர்களுக்கு உரியது. அறியாப் பிள்ளையின் நடிப்பு பாதி அதனிடமும் பாதி அதைக் கேட்பவர்களிடமும் இருக்கிறது. தந்தையாக நடிப்பவர் தலைகுனிய நேரம் தர வேண்டும். அவ்வேளையில் குழலி பார்வையாளரை நோக்கினாலோ, பரிதாபமாக நின்றாலோ காட்சி சிதறும். நாற்காலியைச் சரிசெய்துகொண்டிருப்பதே அவளுக்குப் பொருத்தமான செயல்.

குழந்தைப் பாத்திரம் பேசியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கி, 2021ஆம் ஆண்டு ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருதைப் பெற்ற ‘கூழாங்கல்’ இதற்குச் சிறந்த சான்று. பிரிந்து சென்ற மனைவியை அழைத்துவர, குடிப்பழக்கமுள்ள தந்தை தன் மகன் வேலுவைப் பள்ளியிலிருந்து அழைத்துச் செல்கிறார். வெயிலில் நீளும் அந்தப் பயணத்தில் சிறுவன் மிகக் குறைவாகவே பேசுகிறான். வாயில் அடக்கிவந்த கூழாங்கல்லை வீட்டில் வைக்கும்போது, அங்கே ஏற்கெனவே பல கற்கள் சேர்ந்திருப்பதைப் பார்வையாளர் காண்கின்றனர். இத்தகைய நடை இது முதல்முறையன்று என்பதை அக்கற்களே சொல்லிவிடுகின்றன. அறியாப் பிள்ளை என்று நாம் நினைத்த சிறுவன் எவ்வளவு அறிந்திருக்கிறான் என்பது அப்போதுதான் புலப்படுகிறது.

நடிக்கும் பிள்ளையைக் காத்தல்

பாத்திரமாகிய குழந்தை வேறு. அதை நடிக்கும் குழந்தை வேறு. உண்மையான சிறுவரை நடிக்கவைக்கும்போது இவ்வேறுபாட்டை மறப்பது பெருந்தீங்காகும். கண்ணீர் வரவேண்டும் என்பதற்காகக் குழந்தையைக் கிள்ளுவதும், மிரட்டுவதும், பெற்றோரைப் பற்றிப் பொய்யான துயரச் செய்தி சொல்வதும் கலை அல்ல, கொடுமை. அறியாமையை நடிக்கும் குழந்தை, தான் நடிப்பதை அறிந்திருக்க வேண்டும். காட்சியில் கத்தும் ‘தந்தை’ ஒத்திகைக்கு முன்னும் பின்னும் அக்குழந்தையோடு சிரித்துப் பேசுவதும், காட்சி முடிந்தவுடன் அதன் உண்மைப் பெயரைச் சொல்லி அழைப்பதும் நல்ல பழக்கங்கள்.

| தெரியுமா? |
|---|
| குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தமும், 2017ஆம் ஆண்டு விதிகளும் திரைப்படம், தொலைக்காட்சி முதலியவற்றில் நடிக்கும் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. மாவட்ட நடுவரான ஆட்சியரின் அனுமதி தேவை. நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றி 3 மணி நேரத்திற்கு மேலும் நடிக்கவைத்தல் கூடாது. தொடர்ந்து 27 நாள்களுக்கு மேல் பணியில் ஈடுபடுத்துதல் கூடாது. வருவாயில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாக்கப்பட வேண்டும். குழந்தையின் விருப்பத்திற்கு மாறாக நடிக்கவைத்தல் கூடாது. |

பள்ளி மேடைக்கும் இதே அக்கறை பொருந்தும். வேலை இழப்பையோ குடும்பச் சண்டையையோ காட்டும் நாடகத்தில் நடிக்கும் மாணவருக்கு, அது தம் வீட்டுக் கதையாகவே இருக்கக்கூடும். பாத்திரத்தை ஏற்கவும் மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ‘உன் வீட்டில் நடந்ததை நினைத்து அழு’ என்று எவரும் கேட்டல் ஆகாது. பிறர் வாழ்வைக் கூர்ந்து நோக்கியும், கற்பனையைத் துணைகொண்டும் உருவாக்கும் உணர்வே மீண்டும் மீண்டும் மேடையில் நிற்கவல்லது.

பிள்ளை கேட்ட கேள்வி

குடும்பத்தின் துயரத்தைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்துவிட்டதாகப் பெரியோர் நம்புகின்றனர். பிள்ளைகளோ ஏரிக்கரையைப் பார்த்திருக்கின்றனர், மரத்தடியைப் பார்த்திருக்கின்றனர், பொருள் மட்டுமே அவர்களுக்கு விளங்கவில்லை. அறியாப் பிள்ளையின் பாத்திரம் மேடையில் செய்யும் பணி, வீட்டில் எவரும் பேசத் துணியாததைப் பழிச்சொல் இன்றி வெளிக்கொணர்வது. அரங்கிலிருந்து வீடு திரும்பும் தந்தை ஒருவர், தம் பிள்ளை பார்த்தும் கேட்காமல் விட்ட கேள்விகள் எத்தனை என்று எண்ணத் தொடங்குவாராயின், குழலியாக நடித்தவர் தம் பணியைச் செவ்வனே செய்தவராவார்.

கற்பவை கற்றபின்...

1. குழலி வரும் காட்சியின் தொடர்ச்சியாகத் தாய் பேசும் முதல் வரியை எழுதி, அவ்வரியைத் தேர்ந்ததற்கான காரணத்தை வகுப்பில் கூறுக.
2. அதே காட்சியில் குழலியின் வயது மூன்று எனக் கொண்டு, அவளுடைய உரையாடலை மாற்றி எழுதுக.
3. உங்கள் ஊரில் நடைபெறும் கூத்து அல்லது நாடகத்தில் இடம்பெறும் பிள்ளைப் பாத்திரம் ஒன்றைப் பற்றி மூத்தோரிடம் கேட்டறிந்து, அப்பாத்திரம் எதை அறியும், எதை அறியாது என அட்டவணைப்படுத்துக.
4. ‘அறிந்தும் அஞ்சாதவன், அறியாமையால் அஞ்சாதவன்’ – பிரகலாதன், லோகிதாசன் ஆகிய இருவரையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.